பத்தாம் வகுப்பு வந்தால் பி.டி. பீரியட் போய்விட வேண்டுமா?

மலைக்கோட்டை அம்மா:

என் மகள் இந்த வருடம் பத்தாவது படிக்கிறாள். திருச்சியில் ஒரு அரசு உதவி பெறும் பள்ளி. போன வாரம் டைரியில் ஒரு சீட்டு ஒட்டி அனுப்பியிருந்தார்கள். அரையாண்டுத் தேர்வு முடிந்ததும் வாரத்தில் இருக்கும் இரண்டு பி.டி. (உடற்கல்வி) பீரியடையும் கணக்குக்கும் அறிவியலுக்கும் கொடுக்கப் போகிறார்களாம். பெற்றோர் சம்மதம் என்று கையெழுத்துப் போட்டு அனுப்ப வேண்டுமாம். வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் பாதிப் பேர் அன்று ராத்திரியே கையெழுத்துப் போட்டுப் படம் எடுத்தும் போட்டுவிட்டார்கள். நான் இன்னும் போடவில்லை.

திங்கட்கிழமை பெற்றோர் கூட்டம். எழுந்து பேசலாம் என்று இருக்கிறேன். ஆனால் வெறுமனே "உடம்புக்கு நல்லது" என்றால் தலைமையாசிரியர் தலையை ஆட்டிவிட்டு அடுத்த விஷயத்துக்குப் போய்விடுவார். எதை வைத்துப் பேசினால் எடுபடும்? ஆசிரியர்கள், மருத்துவர்கள் யாராவது இங்கே இருந்தால் சொல்லுங்கள்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். என் மகள் விளையாட்டு வீராங்கனை இல்லை. எந்த டீமிலும் இல்லை, மெடல் எதுவும் வாங்கியதில்லை. அப்படிப்பட்ட பிள்ளைக்காகத்தான் கேட்கிறேன்.

கணக்கு டீச்சர்:

வணக்கம் அம்மா. அரசு உயர்நிலைப் பள்ளியில் பத்தாவதுக்குக் கணக்கு எடுப்பவள் நான். எங்களைக் குறை சொல்வது சுலபம், எங்கள் பக்கத்தையும் கொஞ்சம் கேளுங்கள்.

என் வகுப்பில் மைனஸ் குறி வந்தாலே திணறுகிற பிள்ளைகள் இருக்கிறார்கள். அவர்களை வைத்துக்கொண்டுதான் இருபடிச் சமன்பாடும் முக்கோணவியலும் நடத்துகிறேன். பாடத்தை முடிக்கவே டிசம்பர் ஆகிவிடுகிறது. அப்புறம் திருப்புதல் தேர்வுகள். ரிசல்ட் வந்ததும் பாடவாரியாகத் தேர்ச்சி சதவீதம் எடுப்பார்கள். மீளாய்வுக் கூட்டத்தில் எழுந்து நின்று காரணம் சொல்ல வேண்டியவள் நான். பி.டி. சாரை யாரும் எழுப்பிக் கேட்கப் போவதில்லை.

அதைவிடப் பெரிய கவலை ஒன்று உண்டு. எங்கள் ஊரில் பத்தாவதில் ஒரு பாடத்தில் விட்டுவிட்ட பெண் பிள்ளையை மறுபடி எழுத வைக்க எல்லா வீட்டிலும் பாடுபட மாட்டார்கள். படிப்பு போதும் என்று நிறுத்திவிட்டு வரன் பார்க்க ஆரம்பித்துவிடுவார்கள். அவளுக்கு அந்த 35 மார்க் எவ்வளவு பெரிய விஷயம் என்பதைப் பக்கத்தில் இருந்து பார்ப்பவள் நான். அதற்காக நாற்பது நிமிடம் கேட்டால் தப்பா?

இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். நான் கேட்டு வாங்குகிற அந்த பி.டி. பீரியடில் பெரும்பாலும் ஒன்றும் நடப்பதில்லை. பத்துப் பையன்கள் ஒரு பந்தை உதைப்பார்கள், மற்றவர்கள் வேப்பமரத்தடியில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருப்பார்கள்.

விசில் சத்தம்:

டீச்சர், உங்கள் கடைசிப் பத்திக்குப் பதில் சொல்லத்தான் வந்தேன். நான் உடற்கல்வி ஆசிரியர்.

அங்கே ஏன் ஒன்றும் நடப்பதில்லை என்று யாராவது விசாரித்திருக்கிறார்களா? காலையில் கேட்டில் நின்று லேட்டாக வருபவர்களைப் பிடிப்பது நாங்கள். அசெம்பிளியில் வரிசை நிற்க வைப்பது, முடி வெட்டாதவனைத் தனியே நிறுத்துவது, பஸ் பாஸ் விண்ணப்பம் சேகரிப்பது, மிதிவண்டி வந்து இறங்கினால் பட்டியல் சரிபார்ப்பது, வகுப்புக்கு ஆசிரியர் வராத நாளில் அந்த வகுப்பைப் பார்த்துக்கொள்வது, எல்லாம் பி.டி. மாஸ்டர் தலையில்தான் விழும். மாணவனுக்கு எங்களைப் பார்த்ததும் விளையாட்டு ஞாபகம் வருவதில்லை, பிரம்புதான் ஞாபகம் வருகிறது. பள்ளியின் போலீஸ்காரராக ஒரு ஆளை வைத்திருந்துவிட்டு அவர் வகுப்பில் பாடம் நடக்கவில்லை என்பது எப்படி நியாயம்?

பகுதிநேர ஆசிரியர்கள் நிலை இன்னும் மோசம். 2012-இல் தமிழ்நாட்டில் 16,549 பேரை உடற்கல்வி, ஓவியம், தையல், இசை என்று பல பாடங்களுக்கு எடுத்தார்கள். மாதம் 5,000 ரூபாய், வாரத்துக்கு மூன்று அரை நாள். பின்னர் சம்பளத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றினார்கள். ஆனால் பணி நிரந்தரம் கேட்டுச் சென்னையில் அவர்கள் போராடுவதை வருடா வருடம் செய்தியில் பார்க்கிறோம். மூன்று அரை நாளில் ஒரு பள்ளியின் எல்லா வகுப்பையும் அவர் எப்படித் தொடுவார்?

நம் ஊருக்கு இது புதிய படிப்பும் இல்லை. சென்னை நந்தனத்தில் இருக்கும் ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரியை ஹாரி பக் 1920-இல் ஆரம்பித்தார். 1924 பாரிஸ் ஒலிம்பிக்குக்குப் போன இந்திய அணியோடு மேலாளராகப் போனவர் அவர். பிள்ளைகளை எப்படி ஓட வைப்பது, எப்படிக் காயம் இல்லாமல் குதிக்க வைப்பது என்று பாடமாகவே படித்துவிட்டு வருகிறோம். படித்ததைச் செய்ய விடுங்கள் என்றுதான் கேட்கிறோம்.

நெல்லைச் சீமை:

விளையாட்டுத் துறை அமைச்சராக இருந்தபோது உதயநிதி ஸ்டாலினே ஒரு மேடையில் இதைப் பேசினாரே. பி.டி. பீரியடைக் கடன் வாங்காதீர்கள், முடிந்தால் உங்கள் பீரியடை விளையாட்டுக்குக் கொடுங்கள் என்று கணக்கு, அறிவியல் ஆசிரியர்களிடம் கேட்டுக்கொண்டார். அந்த வீடியோவைக் கூட்டத்தில் போட்டுக் காட்டுங்கள் அக்கா.

நூலகவாசி:

அமைச்சர் பேச்சைக் காட்டினால் கை தட்டுவார்கள், டைம்டேபிள் மாறாது. தலைமையாசிரியருக்கு மார்க்தான் கவலை. அதனால் மார்க்கை வைத்தே பேசலாம்.

அமெரிக்க அரசின் நோய்க் கட்டுப்பாட்டு மையம் 2010-இல் ஒரு தொகுப்பு அறிக்கை வெளியிட்டது. பள்ளியில் செய்யும் உடற்பயிற்சிக்கும் படிப்புக்கும் தொடர்பு உண்டா என்று பார்த்த 50 ஆய்வுகளை எடுத்து, அவற்றில் அளக்கப்பட்ட 251 தொடர்புகளை எண்ணிப் பார்த்தார்கள். மார்க் மட்டுமில்லை, கவனம், வகுப்பில் நடந்துகொள்ளும் விதம் எல்லாம் அதில் அடக்கம். பாதிக்குச் சற்று மேல், 50.5 சதவீதம், நல்ல பலன் காட்டின. 48 சதவீதத்தில் வித்தியாசம் இல்லை. கெடுதல் காட்டியது வெறும் 1.5 சதவீதம்.

இதை நேர்மையாகப் படிக்க வேண்டும். விளையாடினால் மார்க் ஏறும் என்று யாருக்கும் வாக்குக் கொடுக்க முடியாது. ஆனால் விளையாட்டுக்கு நேரம் கொடுத்தால் மார்க் குறையும் என்ற பயத்துக்கும் ஆதாரம் இல்லை. திருடப்படுவது பி.டி. பீரியடா கணக்குப் பீரியடா என்ற சண்டையே அந்தப் பயத்தின் மேல்தான் நிற்கிறது. சம்மதச் சீட்டை அனுப்பியவர்களிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: போன வருடமும் இதே மாதிரி பீரியடை மாற்றியிருந்தால், அதனால் எத்தனை பேர் கூடுதலாகப் பாஸானார்கள் என்று கணக்கு வைத்திருக்கிறீர்களா?

கணக்கு டீச்சர்:

நூலகவாசி சார், அந்த அறிக்கையில் வரும் பிள்ளைகள் வீட்டில் போய்ப் படிக்க மேசையும் விளக்கும் உள்ள பிள்ளைகளாக இருக்கலாம். என் மாணவிகளில் சிலர் வீட்டுக்குப் போனதும் தண்ணீர் பிடிக்கப் போவார்கள், தம்பியைப் பார்த்துக்கொள்வார்கள். அவர்கள் படிப்பதெல்லாம் பள்ளியில் படிப்பதுதான். சராசரியை வைத்து என் வகுப்பின் கடைசி பெஞ்சுக்குப் பதில் சொல்லாதீர்கள்.

தாலுகா டாக்டர்:

டீச்சர் அம்மா சொல்லும் அதே மாணவிகளைப் பற்றித்தான் நானும் சொல்ல வேண்டும்.

2019–21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் 15 முதல் 19 வயதுப் பெண்களில் 59.1 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. பத்தாவது மாணவி அந்த வயதின் வாசலில் நிற்கிறாள். வகுப்பில் உட்கார்ந்திருக்கும்போது இது வெளியே தெரியாது. "மந்தமாக இருக்கிறாள், கவனிப்பதில்லை" என்று மட்டும் தோன்றும். மைதானத்தில் தெரிந்துவிடும். இரண்டாவது சுற்றிலேயே மூச்சு வாங்கி, நெஞ்சைப் பிடித்துக்கொண்டு நிற்கிற பிள்ளையைக் கவனித்த பி.டி. டீச்சர்கள் அழைத்து வந்துதான் சில பெண்கள் என்னிடம் சிகிச்சைக்கு வந்திருக்கிறார்கள். உதடும் நகமும் வெளுத்திருக்கும், ஹீமோகுளோபின் ஏழு எட்டு என்று குறைந்திருக்கும். வீட்டில் யாருக்கும் தெரிந்திருக்காது. இரும்புச்சத்து மாத்திரை ஒழுங்காக உள்ளே போனபின் படிப்பில் வருகிற மாற்றம் கணக்கு டீச்சருக்கே தெரியும்.

இரண்டாவது, எலும்பு. வாழ்நாளுக்கான எலும்பு வலுவில் ஏறக்குறைய 90 சதவீதம் பெண்களுக்கு 18 வயதுக்குள், ஆண்களுக்கு 20 வயதுக்குள் சேர்ந்துவிடுகிறது. குதிப்பது, ஓடுவது, கயிறு தாண்டுவது மாதிரி உடம்பின் பாரம் எலும்பில் விழுகிற வேலைதான் அதைக் கூட்டும். அறுபது வயதில் குளியலறையில் வழுக்கி இடுப்பெலும்பு முறிந்து வருகிற பாட்டிகளைப் பார்க்கும் எனக்கு, பதினைந்து வயதில் அவர்களைக் குதிக்க விட்டிருக்க வேண்டும் என்றுதான் தோன்றும்.

உலக சுகாதார நிறுவனம் 5 முதல் 17 வயது வரை தினம் சராசரியாக 60 நிமிடமாவது நன்றாக மூச்சு வாங்க உடம்பை அசைக்கச் சொல்கிறது. வாரத்துக்கு 420 நிமிடம். பள்ளி கொடுப்பது நாற்பது நாற்பதாக 80 நிமிடம். கேட்பதில் ஐந்தில் ஒரு பங்குகூட இல்லை. அதையும் எடுத்துவிட்டு மீதியை வீட்டில் செய்துகொள்ளுங்கள் என்றால், டீச்சர் சொன்ன அந்தத் தண்ணீர் பிடிக்கப் போகும் பெண் எங்கே போய் விளையாடுவாள்?

வேளச்சேரி அப்பா:

எல்லோரும் பள்ளியையே ஏன் நம்பியிருக்கிறீர்கள்? என் பையனை சனி, ஞாயிறு கிரிக்கெட் அகாடமியில் சேர்த்திருக்கிறேன். நல்ல கோச், நல்ல வலை, சொந்தமாக கிட். பள்ளி படிப்பைப் பார்த்துக்கொள்ளட்டும், விளையாட்டை நாம் பார்த்துக்கொள்ளலாம்.

மலைக்கோட்டை அம்மா:

உங்களால் முடிகிறது, சந்தோஷம் சார். எங்கள் குழுவில் இருக்கும் பெற்றோரில் எத்தனை பேருக்கு மாதா மாதம் அகாடமி ஃபீஸ் கட்ட முடியும்? கட்ட முடிந்த வீட்டிலும் பையனுக்குத்தான் கட்டுவார்கள். பதினைந்து வயதுப் பெண்ணைச் சாயங்காலம் தனியாக மைதானத்துக்கு அனுப்புகிற வீடு எங்கள் தெருவில் ஒன்றுகூட இல்லை. யாரிடமும் அனுமதி கேட்காமல் ஒரு பெண் ஓடக்கூடிய ஒரே இடம் பள்ளி மைதானம்தான்.

கண் பரிசோதகர்:

டாக்டர் சொன்னதோடு ஒன்றைச் சேர்க்கிறேன். சீனாவின் குவாங்சோ நகரில் 12 தொடக்கப் பள்ளிகளில் ஒரு சோதனை நடத்தினார்கள். முடிவு 2015-இல் வெளியானது. ஆறு பள்ளிகளில் முதல் வகுப்புப் பிள்ளைகளுக்குத் தினமும் 40 நிமிடம் கூடுதலாக வெளியே விளையாடும் வகுப்பு வைத்தார்கள், மற்ற ஆறு பள்ளிகளில் வழக்கம்போல விட்டார்கள். மூன்று வருடம் கழித்துப் பார்த்தால், வெளியே போன பிள்ளைகளில் புதிதாகக் கிட்டப்பார்வை வந்தது 30.4 சதவீதம் பேருக்கு, போகாதவர்களில் 39.5 சதவீதம் பேருக்கு. இதில் கண்ணுக்கு உதவுவது ஓட்டத்தைவிடப் பகல் வெளிச்சம்தான் என்று கருதுகிறார்கள். அதனால் உள்ளரங்கில் யோகா வைத்தால் இந்தப் பலன் கிடைக்குமா என்பது சந்தேகம்.

பத்தாவது வந்தபின் இதைப் பேசுவது கொஞ்சம் தாமதம்தான். ஏற்கெனவே வந்த பவரை இது இறக்காது. உங்கள் வீட்டில் சின்னப் பிள்ளைகள் இருந்தால் அவர்கள் பள்ளியில் இதைக் கேளுங்கள்.

காவேரிக்கரை:

இதற்கெல்லாம் ஒரே வழி, உடற்கல்வியைப் பொதுத்தேர்வுப் பாடமாக்குவதுதான். நூறு மார்க் என்று சொல்லிவிட்டால் எந்தப் பள்ளியும் தொடத் துணியாது. நம் ஊரில் மார்க் இல்லாத எதற்கும் மதிப்பில்லை.

யாழ் பனங்கூடல்:

காவேரிக்கரை அண்ணாவுக்கு வணக்கம். நான் யாழ்ப்பாணத்தில் படித்து, இப்ப அங்கேயே படிப்பிக்கிறன். நீங்கள் கேட்பது எங்களிடம் ஏற்கெனவே இருக்கு. இலங்கையில் "சுகாதாரமும் உடற்கல்வியும்" என்று ஒரு பாடம், சாதாரண தரப் பரீட்சைக்கும் (உங்கள் பத்தாவது பொதுத்தேர்வு மாதிரி) விருப்பப் பாடமாக எடுக்கலாம்.

என்ன நடந்தது தெரியுமா? பிள்ளைகள் கரப்பந்தாட்ட (வாலிபால்) திடல் 18 மீட்டர் நீளம், 9 மீட்டர் அகலம், ஆண்களுக்கு வலையின் உயரம் 2.43 மீட்டர், பெண்களுக்கு 2.24 என்று மனப்பாடம் செய்யினம். அந்தத் திடலில் இறங்கிப் பந்தைத் தொடாமலே நல்ல பெறுபேறு எடுக்கலாம். பாடத்துக்கு ரியூசன் வந்துவிட்டது, கடந்தகால வினாத்தாள் புத்தகம் வந்துவிட்டது. உடற்கல்விக்கும் ஒரு கொப்பி கூடினதுதான் மிச்சம். பாடம் இருப்பதால் ஒவ்வொரு பள்ளிக்கும் ஒரு ஆசிரியரைக் கேட்டு வாங்க முடியுது, அது நல்லதுதான், மறுக்கேல்லை. ஆனால் பரீட்சை வந்தால் பிள்ளை ஓடும் என்று மட்டும் நம்பாதேங்கோ.

எங்கள் பிள்ளைகளை உண்மையில் மைதானத்துக்கு இழுப்பது இல்ல (ஹவுஸ்) விளையாட்டுப் போட்டி. வருடத் தொடக்கத்தில் வரும். முழுப் பள்ளியும் இல்லம் இல்லமாகப் பிரிஞ்சு நிற்கும். ஓட முடியாதவனும் அணிநடையில் நடப்பான், அதுவும் இல்லையெண்டால் இல்லத்தைச் சோடிக்கக் கிடுகும் காகிதமும் தூக்குவான். அவன் இல்லத்துக்கும் புள்ளி வரும். ஊரே வந்து நிண்டு பார்க்கும், பழைய மாணவர் வெளிநாட்டிலிருந்து வந்து நிற்பினம். அந்த ஒரு மாதம் பாடசாலை விட்டபிறகும் மைதானத்தில் சனம் இருக்கும். குறை என்னவெண்டால், போட்டி முடிஞ்ச அடுத்த கிழமை எல்லாம் அடங்கிப் போயிடும்.

சிங்கை மணி:

மதிப்பெண் போட்டால் இன்னொரு ஆபத்தும் உண்டு. சிங்கப்பூரில் நாஃபா என்று உடற்தகுதிச் சோதனை இருக்கிறது. படுத்து எழுந்து உட்காருதல், நின்ற இடத்திலிருந்து தாண்டுதல், கம்பியில் தொங்கி எழும்புதல், 2.4 கிலோமீட்டர் ஓட்டம் என்று நிலையங்கள் உண்டு. பையன்கள் நன்றாகச் செய்தால் கட்டாயத் தேசிய சேவையில் (ராணுவம் போன்றது) இரண்டு மாதம் குறையும். அதனால் உடற்கல்வி வகுப்பை இங்கே யாரும் பறிக்க மாட்டார்கள்.

ஆனால் 1992 முதல் 2007 வரை இங்கே வேறொரு திட்டமும் இருந்தது. எடை கூடிய பிள்ளைகளைத் தனியாகப் பிரித்து, மற்றவர்கள் ஓய்வு நேரத்தில் சாப்பிடும்போது ஓட வைப்பார்கள். அந்தக் கூட்டத்தில் நானும் இருந்தேன். கேண்டீன் பக்கம் கயிறு தாண்டிக்கொண்டிருப்போம், வகுப்புத் தோழர்கள் மீ கோரெங் தட்டோடு நின்று வேடிக்கை பார்ப்பார்கள். எடை கொஞ்சம் குறையத்தான் செய்தது. அதோடு உடம்பை அசைப்பது என்றாலே தண்டனை என்று மனத்தில் பதிந்துவிட்டது. பள்ளியை விட்டபின் வெகு காலம் ஓடுகாலணியே வாங்கவில்லை. முப்பது தாண்டி நீச்சல் கற்றுக்கொண்டபோதுதான் அந்த வெறுப்பு போனது.

பி.டி. மாஸ்டர் கையில் பிரம்பு இருக்கிறது என்று விசில் சத்தம் ஐயா எழுதியிருந்தார். தோப்புக்கரணமும் மைதானத்தைச் சுற்றி ஓடுவதும் தண்டனையாகக் கொடுக்கப்படுகிற பள்ளியில் எந்தப் பிள்ளைக்கு ஓட்டம் பிடிக்கும்? பீரியடைக் காப்பாற்றுவதோடு இதையும் பேசுங்கள்.

நெல்லைச் சீமை:

மாரியப்பன் தங்கவேலுவை யாரும் சொல்லவில்லையே! சேலம் பக்கம் பெரியவடகம்பட்டி. ஐந்து வயதில் பஸ் ஏறி வலது கால் நசுங்கியது. பள்ளியில் உடற்கல்வி ஆசிரியர்தான் உயரம் தாண்டுதலில் இறக்கிவிட்டார். 2016 ரியோ பாராலிம்பிக்கில் 1.89 மீட்டர் தாண்டித் தங்கம். டோக்கியோவில் வெள்ளி, 2024 பாரிஸில் வெண்கலம். ஒரு பி.டி. பீரியட் இல்லையென்றால் இந்த மூன்று பதக்கமும் இல்லை. கூட்டத்தில் இதைச் சொல்லுங்கள், எல்லோருக்கும் உறைக்கும்.

கொங்குத் தாய்:

தம்பி, மாரியப்பன் எங்களுக்கும் சாமி மாதிரிதான். ஆனால் அவர் பெயரைச் சொல்லிச் சொல்லியே என் பையனை மறந்துவிடுகிறார்கள்.

என் பையனுக்கு இடது கால் பலவீனம், காலுக்குத் தாங்கலாகக் காலிபர் போட்டு நடக்கிறான். எட்டாவது படிக்கிறான். விளையாட்டுப் பீரியடில் அவனுக்குக் கொடுக்கிற வேலை, மற்றவர்கள் பையையும் தண்ணீர் பாட்டிலையும் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பது. ரொம்பப் பிரியமாக இருந்தால் ஸ்கோர் எழுதச் சொல்வார்கள். ஆசிரியர் கெட்டவர் இல்லை, விழுந்து அடிபட்டுவிடுவானோ என்று பயப்படுகிறார். போன ஆண்டு விழாவுக்கு வந்த ஒருவர் மேடையில் அவன் தோளைத் தட்டி "நீயும் மாரியப்பன் ஆகலாம்" என்றார். எல்லோரும் கை தட்டினார்கள். மறுநாள் திரும்ப அதே பை, அதே பாட்டில்.

அவன் பாராலிம்பிக் போக வேண்டாம். அவன் கை நன்றாக இருக்கிறது. உட்கார்ந்தபடி வளையத்தை வீசுவான், பந்தைப் பிடிப்பான். வீட்டில் அவன் தங்கை எறிகிற பந்தை ஒன்றுகூட விடமாட்டான். அதை அவன் கூடப் படிக்கிற பிள்ளைகள் ஒரு தடவை பார்க்க வேண்டும், அவ்வளவுதான் எனக்கு.

விசில் சத்தம்:

அக்கா எழுதியதைப் படித்துவிட்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். எங்கள் துறையின் நோயே இதுதான். எங்களை மதிப்பிடுவது குறுவட்டப் போட்டியில் எத்தனை கப், வருவாய் மாவட்டத்தில் எத்தனை பேர் தேர்வு, மாநில அளவுக்கு யார் போனார்கள் என்பதை வைத்துத்தான். பாரதியார் தினப் போட்டி, குடியரசு தினப் போட்டி, முதலமைச்சர் கோப்பை என்று வருடம் முழுக்க அந்தப் பதினைந்து பிள்ளைகள் பின்னாலேயே ஓடுகிறோம். மீதி நானூறு பேர் கைதட்டுவதற்கு என்று ஆகிவிட்டது. போட்டி வேண்டும், நான் அதற்கு எதிரி இல்லை. ஆனால் பி.டி. பீரியட் அந்தப் பதினைந்து பேருக்காக டைம்டேபிளில் வைக்கப்படவில்லை.

டீச்சர் "ஒன்றும் நடப்பதில்லை" என்றார்களே, நடக்க வைக்கலாம். நாற்பத்தைந்து பிள்ளைகள், ஒரு பந்து என்றால் யார் எடுத்தாலும் மரத்தடிதான். அதே நாற்பத்தைந்து பேரை ஒன்பது ஒன்பதாக ஐந்து குழு ஆக்குங்கள். ஒரு மூலையில் கயிறு தாண்டுதல், அடுத்த மூலையில் வளையப்பந்து, ஒரு பக்கம் சுண்ணாம்புக் கோடு போட்டு முன்னும் பின்னும் ஓடுவது, ஒரு பக்கம் எறிபந்து பாஸ், நடுவில் கோ-கோ மாதிரி உட்கார்ந்து எழுந்து துரத்துவது. ஆறு நிமிடத்துக்கு ஒரு விசில், குழு அடுத்த இடத்துக்கு நகரும். மாடியிலிருந்து இறங்கி வர ஐந்து நிமிடம், திரும்பிப் போகக் கைகால் கழுவ ஐந்து நிமிடம் போனாலும் முப்பது நிமிடம் ஒருவர் விடாமல் வியர்ப்பார்கள். யாரும் யாரையும் டீமுக்குத் தேர்ந்தெடுக்க வேண்டியதில்லை, கடைசியாக நிற்கிற பிள்ளை என்று ஒருவர் இருக்க மாட்டார். அக்காவின் மகன் வளையப்பந்து மூலையிலும் எறிபந்து மூலையிலும் நாற்காலி போட்டு உட்கார்ந்து விளையாடலாம். மற்ற மூன்று இடத்தில் அவனால் என்ன முடியும் என்று அவனையே கேட்டால் சொல்வான்.

இடம் இல்லை என்பார்கள். நம் மாநிலத்தில் தனியார் பள்ளிகளுக்கு மாநகராட்சிப் பகுதியில் குறைந்தபட்சம் ஆறு கிரவுண்டு நிலம் என்றுதான் விதி, கட்டடம் போக மிஞ்சுவது குறைவுதான். 2009 கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணையில் பள்ளிக்கு விளையாட்டு மைதானம் வேண்டும் என்று இருக்கிறது, எவ்வளவு பெரிது என்று இல்லை. ஆனால் வளையப்பந்துத் திடலுக்கு 12 மீட்டருக்கு ஐந்தரை மீட்டர் போதும். கபடிக்கு 13-க்கு 10. இரண்டு வகுப்பறை அளவு முற்றம் இருந்தால் நான் சொன்னதில் முக்கால்வாசி நடக்கும். கயிறும் வளையமும் வாங்க ஒரு மாதப் பெற்றோர் சங்க வசூல் போதும்.

மலைக்கோட்டை அம்மா:

ரொம்ப நன்றி சார். நேற்று ராத்திரி இதையெல்லாம் என் மகளிடம் படித்துக் காட்டினேன். அவள் சொன்னதையும் எழுதிவிடுகிறேன், ஏனென்றால் இதை யாரும் தொடவில்லை.

பெண்கள் மரத்தடியில் உட்காருவது சோம்பலால் இல்லை என்றாள். சுடிதார், அதன் மேல் கோட்டு. வெயிலில் ஓடினால் முதுகோடு ஒட்டிக்கொள்கிறது, பையன்கள் பார்க்கிறார்கள். பி.டி. இருக்கும் நாளில் டிராக் பேண்ட்டும் டி ஷர்ட்டும் போட்டு வர விட்டால் பாதிப் பேர் எழுந்துவிடுவார்களாம். அப்புறம் மாதவிலக்கு நாட்கள். மைதானத்துக்குப் பக்கத்தில் இருக்கும் கழிவறையில் தண்ணீர் வராது. மூன்றாவது மாடிக்கு ஏறிப் போக வேண்டும். அதற்கு சாரிடம் என்ன சொல்லிக் கேட்பது என்று வெட்கப்பட்டுத்தான் உடம்பு சரியில்லை என்று சொல்லி உட்கார்ந்துவிடுகிறார்களாம். எங்கள் பள்ளியில் பெண் உடற்கல்வி ஆசிரியை இல்லை.

சம்மதச் சீட்டில் "சம்மதம் இல்லை" என்று மட்டும் எழுதப் போவதில்லை. இரண்டு பீரியடும் இருக்கட்டும், பி.டி. நாளில் டிராக் பேண்ட் அனுமதியுங்கள், கீழ்க் கழிவறைக்குத் தண்ணீர் இணைப்புக் கொடுங்கள், கயிறும் வளையமும் வாங்கப் பெற்றோர் நாங்கள் பணம் தருகிறோம் என்று எழுதிக் கொடுக்கப் போகிறேன். ஏற்கெனவே கையெழுத்துப் போட்ட நாலு அம்மாக்கள் இதிலும் சேர்ந்து கையெழுத்துப் போடுவதாகச் சொல்லியிருக்கிறார்கள்.

கணக்கு டீச்சர்:

அம்மா, உங்கள் கடிதத்தில் ஒன்றைச் சேர்த்துவிடுங்கள். மெல்லக் கற்கும் பிள்ளைகளுக்கு எப்போது நேரம் ஒதுக்குவது என்ற கேள்வி அப்படியே நிற்கிறது. பி.டி.யைத் தொடக் கூடாது என்றால், காலை வழிபாட்டுக்கு முன் அரை மணி நேரமோ சாயங்காலம் ஒரு மணி நேரமோ சிறப்பு வகுப்பு வைக்க வேண்டிவரும். அன்று பஸ்ஸை விட்டுவிடுகிற பெண் பிள்ளைகளைக் கூட்டிப்போக நான்கைந்து பெற்றோர் முன்வந்தால்தான் அது நடக்கும். அந்தப் பொறுப்பையும் சேர்த்து ஏற்றுக்கொள்கிறோம் என்று எழுதினால் எந்தக் கணக்கு ஆசிரியரும் உங்கள் பக்கம் நிற்பார். நான் நிற்பேன்.

ஐந்து குழு யோசனையை எங்கள் பி.டி. சாருக்கு அனுப்பியிருக்கிறேன். ஒரு சந்தேகம், விசில் சத்தம் சார். எங்கள் டைம்டேபிளில் பத்தாவதுக்கு இரண்டு பி.டி.யும் கடைசிப் பீரியடில் இருக்கிறது. அதனால்தான் பறிப்பதும் சுலபமாக இருக்கிறது, வீட்டுக்குக் கிளம்பும் நினைப்பில் பிள்ளைகளும் சரியாக விளையாடுவதில்லை. எந்தப் பீரியடுக்கு மாற்றச் சொல்லிக் கேட்கலாம்?

விசில் சத்தம்:

மதியம் சாப்பிட்டதும் வருகிற பீரியட் மட்டும் வேண்டவே வேண்டாம் டீச்சர், வயிறும் நிறைந்திருக்கும், வெயிலும் உச்சியில் இருக்கும். காலையில் இரண்டாவது பீரியட் கேளுங்கள். முடிந்ததும் இன்டர்வெல் வரும், முகம் கழுவித் தண்ணீர் குடித்துவிட்டு மூன்றாவது பீரியடுக்கு வந்து உட்காருவார்கள். அந்த மூன்றாவது பீரியடைக் கணக்குக்கு வாங்கிக்கொள்ளுங்கள்.